வேலிக்கு ஆரஞ்சு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், அடுத்து வீசும் தூண்டிலில் என் உதடே மாட்டட்டும்.

அமெரிக்காவின் மொன்டானாவில் வேலிக் கம்பத்தின் தலையில் ஆரஞ்சு வண்ணம் பூசியிருந்தால், கேட்காமல் உள்ளே வராதே என்று பொருள். பலகை வேண்டாம், நாய் வேண்டாம்.

கிழவர் ஹால்வர் நெஸ் ஓடைக்கரை வேலிக்கு அந்த வண்ணத்தைத்தான் பூசிக்கொண்டிருந்தார். வேட்டைத் துறையின் வண்டி வந்து நின்றது.

இறங்கியவள் டெஸ்ஸா. வேலைக்குப் புதிது. நிலமில்லாதவர்களும் வேட்டையாட, மீன்பிடிக்க வழிவிடுங்கள் என்று நிலக்காரர்களிடம் நயமாகப் பேசுவது அவள் வேலை.

ஆரஞ்சுத் தூரிகையைப் பார்த்ததுமே தொப்பியைக் கழற்றினாள்.

ஊரில் பாதிப் பேருக்குத் தூண்டில் போட ஒரு சாண் கரை இல்லை என்றாள். வேலி முறிந்தால் துறையே கட்டித்தரும் என்றாள்.

ஹால்வருக்கு மூக்கு சிவந்தது.

முன்பு ஒருமுறை திறந்துவிட்ட கதை தெரியுமா என்று கேட்டார். ஒருவன் கேட்டைச் சாத்தாமல் போனான். மாடுகள் அடுத்த மாநிலம் வரை நடந்துவிட்டு, திரும்பி வந்ததிலிருந்து வேறு ராகத்தில் கத்துகின்றன. இன்னொருவன் எல்க் மானுக்குக் குறிவைத்து அதன் நிழலைச் சுட்டுவிட்டான். அந்த மான் இன்றைக்கும் நிழலில்லாமல்தான் மேய்கிறது. நகரத்து ஆசாமிகள் மீன் அள்ளிய அள்ளலில் ஓடைத் தண்ணீர் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கியது.

டெஸ்ஸா சிரிக்கப் பார்த்தாள். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

வில்லோ மரத்தடி மடுவில் ஒரு ட்ரவுட் மீன் துள்ளி விழுந்தது. முழங்கை நீளம் இருக்கும்.

மற்றதெல்லாம் போகட்டும், அந்த மடுவை மட்டுமாவது வாரம் ஒருநாள் விடக்கூடாதா என்று அவள் கெஞ்சினாள்.

அவ்வளவுதான். கிழவர் தூரிகையை டப்பாவில் குத்தினார்.

“ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு அள்ளிட்டுப் போறானுங்க. வெக்கம் வேணாம்? ஒரு வார்த்தை கேக்கணும்னு எவனுக்காவது தோணுதா?”

“அதைக் கேக்கத்தான் சார் நான் வந்திருக்கேன்.”

“கேட்டாச்சுல்ல? கெளம்பு தாயி.”

டெஸ்ஸா தொப்பியை மாட்டிக்கொண்டாள். சிரமம் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். இனி துறையிலிருந்து யாரும் இந்தப் பக்கம் வந்து தொல்லை தரமாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

புழுதி அடங்கும்வரை ஹால்வர் அசையவில்லை. பிறகு டப்பாவை மூடினார், புல்லுக்குள் கிடந்த தூண்டிலை எடுத்தார், மடுவோரம் போய் உட்கார்ந்தார். இன்னும் மூச்சு இரைத்தது. என்ன துணிச்சல் இவர்களுக்கு.

நிலத்துக்குச் சொந்தக்காரியான லெனோரா விக் என்பவள் டவுனில் இருக்கிறாள். யார் கேட்டாலும் சரி என்று சொல்லத் தயாராக இருக்கும் அவளை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை, ஹால்வர் உட்பட.