தூறல் விழாத வாசல்

“எனக்குக் கமராவுல வாசல் முழுக்கத் தெரியுது. ஒரு துளி மழையும் இல்ல. நெல்ல ஏன் அள்ளுறாய் புள்ள?”

கத்தாரிலிருந்து பதியுதீன் ஸ்பீக்கர் போனில் கேட்டது, கல்முனையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுச் சுபைறாவுக்கும் கேட்டது. கேட்கத்தானே நின்றாள்.

றம்ஸியா நனைந்த முக்காட்டோடு, காய்ந்துகொண்டிருந்த நெல்லைப் படங்கு விரிப்பின் மூலை பிடித்துக் குவித்துக்கொண்டிருந்தாள். “மழை தூறுது. நான் நனைஞ்சு நிக்கிறன்,” என்றாள் பட்டன் போனில். வாசலில் பூட்டிய கமராவுக்குக் காசைக் கொட்டிய மனுசன், மனைவிக்கு நல்ல போன் ஒன்று வாங்கிக் கொடுக்க மறந்துவிட்டார்.

அந்தக் கமரா வந்ததிலிருந்து ஒழுங்கைத் தெருவுக்கே நிம்மதியில்லை. வாசலில் கிடக்கும் செருப்பு யாருடையது என்று கத்தாரிலிருந்து விசாரணை வரும். சுபைறா தேங்காய் துருவியை இரவல் வாங்கப்போனால், ஏன் இவ்வளவு நேரம் நின்றாள் என்று வரும். சனம் உள்ளே போகுமுன் கமராவுக்கும் ஒரு ஸலாம் சொல்லப் பழகிவிட்டது.

போதாததற்கு, மங்கல் நேரத்தில் படம் புள்ளிபுள்ளியாக எறும்பு மொய்த்ததுபோல் இருக்கிறதென்று, போன மாதம் ஒரு சின்னப் பெட்டியும் அனுப்பிவைத்தார். கமரா பூட்டும் மிஹ்லார்தான் வந்து அதையும் பொருத்தினான். உள்ளே நகமளவு சிப் ஒன்று, வருகிற படத்தை வரவரவே துடைத்துத் துப்பரவாக்கி அனுப்புமாம். பதியுதீனுக்குப் பரம சந்தோசம். இனி வாசலில் நெல்மணியையே எண்ணலாம் என்றார்.

இப்போது அந்தத் துப்பரவான படத்தில் மழை இல்லை. தரை ஏன் கறுத்திருக்கிறது, தண்ணீர் தெளித்தாயா என்று கேட்டார். குடையோடு போன ஒருவரைக் கண்டு, அவரும் உன் ஆளா என்றார். கடைசியில் குரல் தணிந்தது. அதுதான் பயம்.

“உண்மையச் சொல்லு. எனக்குத் தெரியாம ஆருக்கு நெல்லு விக்கப் பாக்குறாய்?”

றம்ஸியா படங்கை இழுத்து நெல்லை மூடினாள். கள்ளி என்ற பேர் ஒழுங்கை கேட்க வந்துவிட்டதே.

சுபைறாவுக்கே தலை சுற்றியது. வானத்தைப் பார்த்தாள், கையை நீட்டினாள், கை நனைந்தது. பிறகு வேலியைத் தாண்டி வந்து, தன் போனில், அண்ணன் முறையில் காக்கா என்று தான் அழைக்கும் பதியுதீனுக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள்.

அங்கே அவர் கையில் இரண்டு போன். ஒன்றில் மழை, மற்றதில் இல்லை.

“இது எந்த வாசல் சுபைறா?”

“ஒங்கட வாசல்தான் காக்கா. நனையிறது ஒங்கட பொஞ்சாதிதான்.”

மிஹ்லாரைக் கூப்பிட்டார்கள். ஒரே இடத்தில் நிற்பதைப் பெட்டி வைத்துக்கொள்ளும், மின்னி மறைவதை ஊத்தை அழுக்கு என்று துடைத்துவிடும், தூறலும் அப்படித்தான் போயிருக்கிறது என்று போனில் விளக்கினான்.

“அப்ப இவ்வளவு நாளும் நான் பாத்தது?”

“நிண்டதெல்லாம் உண்மை காக்கா. மறைஞ்சது என்னென்ன எண்டு எனக்கும் தெரியா.”

பிறகு பதியுதீன், மாப்புக் கேட்கிறேன் புள்ள, கமராவைக் கழற்றச் சொல்லு, இனி நீ சொல்வதுதான் எனக்குப் படம் என்றார். சுபைறா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதை ஊருக்குச் சொல்ல அவசரமாகப் போனாள்.

மழை விட்டது. மிஹ்லார் ஏணியில் நின்று கமராவைக் கழற்றினான். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த றம்ஸியா ஒழுங்கையை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

“பெட்டி பூட்டின அண்டைக்கு, துடைக்கிற அளவக் கூட்டி வச்சா மழையும் தெரியாமப் போகும் ராத்தா எண்டு நீ சொன்னாய், ஆகக் கூடின அளவுலயே வை எண்டு நான் சொன்னன்,” என்றாள் மெதுவாக. “அந்தக் கதை இந்த ஏணியோட நிக்கட்டும் தம்பி. ஒரு மாசமா நான் மழைக்குத்தான் பாத்திருந்தன்.”