பிழை பூஜ்யம்

“உங்க சார் முறையில பிழை பூஜ்யம். உங்க முறை நாலாவது டெசிமல்லயே ஆட்டம் கண்டுடுது. அப்புறம் எதுக்கும்மா இது?”

கேட்டவர் வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர். கேட்டுவிட்டு பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார்.

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. திரையில் அவளுடைய அட்டவணை இருந்தது. இடது பத்தியில் அவள் முறையின் பிழைகள். வலது பத்தியில் அவளுடைய நெறியாளர் முறையின் பிழைகள். வலது பத்தி முழுக்க முட்டை.

வகைக்கெழுச் சமன்பாடுகளைப் பொதுவாக ஒவ்வொரு படியாக ஏறித்தான் தீர்ப்பார்கள். முந்தைய படியின் விடை வந்தால்தான் அடுத்த படி. அவளுடைய தொகுதி முறை ஒரே மூச்சில் நான்கு படிகளின் விடைகளைக் கண்டுபிடித்துவிடும். இதைச் சொல்லத்தான் ஆறு வருடம், இருநூற்றுப் பத்துப் பக்கம்.

இந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. புது முறை தேறுமா என்று பார்க்க, விடை ஏற்கெனவே தெரிந்த சமன்பாட்டைத்தான் எடுத்துக்கொள்வார்கள். தெரிந்த விடைக்கும் வந்த விடைக்கும் உள்ள வித்தியாசம்தான் பிழை. தெரிந்ததையே மறுபடி கண்டுபிடித்துப் பாராட்டு விழா நடத்துவதில் இவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

நெறியாளர் சுவரோரம் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பதினேழு வருடத்துக்கு முன் அவருக்குப் பட்டம் வாங்கித் தந்த முறை அது. அன்று அதைச் சோதித்தவரும் இதே தேர்வாளர்தான். ‘அபாரமான துல்லியம்’ என்று அவர் எழுதியதை நெறியாளர் தன் புத்தகத்தின் பின்னட்டையில் போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் வந்த எல்லா மாணவர்களின் ஆய்வேட்டிலும் அந்த முட்டைப் பத்தி வலது ஓரத்தில் வீற்றிருக்கும். பக்கத்தில் நின்று கும்பிடலாம், முந்தக் கூடாது.

இன்று புதன். வெள்ளிக்கிழமையோடு அவளுடைய பதிவுக் காலம் முடிகிறது. இன்று தேறாவிட்டால் ஆறு வருடமும் போனது போனதுதான். ‘உன் பரீட்சை எப்பம்மா முடியும்?’ என்று கேட்டுக் கேட்டே மகள் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டாள்.

பயத்தில் சிலருக்கு வாயடைத்துப்போகும். அவளுக்குத் திறந்துகொண்டது.

“விடை தெரியாத கணக்கா ஒண்ணு குடுங்க சார். ரெண்டையும் ஓட்டிப் பார்த்துடலாம்.”

நெறியாளர் பெருந்தன்மையோடு சிரித்தார். பாவம், ஆசைப்படுகிறாள். தேர்வாளர் எழுந்துபோய்ப் பலகையில் ஒரு முரட்டுச் சமன்பாட்டை எழுதினார். கையால் அதைத் தீர்க்க எவராலும் முடியாது.

அவளுடைய நிரல் முக்கி முனகி ஓடியது. நான்கு நான்காக எண்கள் இறங்கின. பார்க்க அழகாக இல்லை, ஆனால் வந்தன.

அடுத்து நெறியாளரின் நிரல். அவர் கொடுத்த மூன்று சமன்பாடுகளைத் தாண்டி அதை அவள் ஓட்டியதில்லை. அவளென்ன, யாருமே ஓட்டியதில்லை. உள்ளே எட்டிப் பார்க்கவும் வழியில்லை, பூட்டித்தான் கொடுத்திருந்தார்.

பொத்தானை அழுத்தினாள்.

திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது.

‘புதிய கணக்கு. முதலில் சரியான விடையை உள்ளிடவும்.’

பக்கத்தில் ஒரு சின்னக் கோடு, பதிலுக்காக மின்னி மின்னிக் காத்திருந்தது.

ஊறிப்போன பிஸ்கட் அறுந்து கோப்பைக்குள் விழுந்தது. நெறியாளர் மின்விசிறியை ஆராயத் தொடங்கினார். அபாரமான துல்லியம் எங்கிருந்து வந்தது என்பது அறையில் இருந்த மூவருக்கும் ஒரே மூச்சில் விளங்கிவிட்டது.

“கொஞ்சம் வெளிய இருங்கம்மா,” என்றார் தேர்வாளர்.

வராந்தாவில் தண்ணீர்க் குழாயருகே போய் நின்றாள். நெறியாளரைக் கவிழ்த்தாயிற்று. அவரைப் புகழ்ந்தவரையும் சேர்த்துக் கவிழ்த்தாயிற்று. இனி இரண்டு பேரும் கூடிப் பேசித் தன்னைக் கவிழ்ப்பதுதான் பாக்கி. மகளிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள்.

பத்து நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. “வாங்க டாக்டர், உள்ள வாங்க!” என்று நெறியாளர் வாயெல்லாம் பல்லாக அழைத்தார். அந்தக் குரலில் அவ்வளவு பாசத்தை அவள் ஆறு வருடத்தில் கேட்டதில்லை.

அறிக்கையை நீட்டினார்கள். தேர்ச்சி. ஒரே ஒரு திருத்தம்: அட்டவணையின் வலது பத்தியை நீக்கிவிட வேண்டும். சம்மதமென்றால் கீழே கையெழுத்து.

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம்தான், கண்ணில் நீர் முட்டும் வெட்கங்கெட்ட சந்தோஷம். ஜெயித்துவிட்டோம், அந்தக் கணக்கைக் கேட்டதால்தான் ஜெயித்தோம் என்று பேனாவைத் திறந்தாள்.

திருத்தம் மட்டும் கையால் எழுதியிருந்தது. மை இன்னும் காயவில்லை. மற்றதெல்லாம் தட்டச்சு, ‘எல்லாக் கேள்விகளுக்கும் மிகச் சிறப்பாக விடையளித்தார்’ என்ற வரி உட்பட.

கீழே தேதியும் தட்டச்சுதான். போன திங்கட்கிழமை.