பொதுச் சுவர்

தெருமுனையில் அதிகாரிகளின் வெள்ளை வண்டி திரும்புவதைப் பார்த்ததும் யாஸ்னா கணப்படுப்பின் காற்றுப் பிடியை இழுத்து மூடினாள்.

மூடியிருக்கக் கூடாது. காற்று குறைந்தால் விறகு புழுங்கும். புழுங்கினால் புகை கூடும். விறகை நம்பியே குளிர்காலத்தைக் கழிக்கும் இந்தக் கொய்ஹைக்கே ஊரில் பிறந்த யாருக்கும் இது தெரியும். தெரிந்தும் எல்லோரும் மூடத்தான் செய்வார்கள். கட்டை சீக்கிரம் தீர்ந்துவிடாமல் மூடி மூடிப் பழகிய கை, பயந்தாலும் அதையேதான் செய்கிறது.

ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். தன் புகைபோக்கி அங்கிருந்து தெரியாது. புகை தெரிந்தது. கூரை விளிம்பு தாண்டி வழிந்து, மேலே போக வழியில்லாமல் தெருப் பனியின் மேல் படுத்துக்கொண்டது.

காற்றே இல்லாத நாள். சுற்றிலும் மலை. மூன்று நாளாக ஊர் விட்ட புகையெல்லாம் மூடி போட்ட சட்டிக்குள் இருப்பதுபோல அங்கேயே நின்றது.

காலையிலேயே வானொலியில் சொல்லிவிட்டார்கள். இன்று அவசரநிலை, எந்த வீட்டுப் புகைபோக்கியிலும் புகை தெரியக் கூடாது, தெரிந்தால் அபராதம். வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழே ஏழு என்று சொன்னதும் அதே குரல்தான். இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்ன செய்வாள் என்று அது சொல்லவில்லை.

மூன்று வயது மகள் மையித்தே கட்டிலில் உட்கார்ந்தபடி மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். மருந்து கொடுத்தாகிவிட்டது. புகை ஆகாது, குளிரும் ஆகாது என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். யாஸ்னாவும் தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தாள்.

மதியம்வரை பொறுத்தாள். குழந்தையின் விரல்கள் விறைத்துப் போனதும் பொறுமை போய்விட்டது. நாலு கட்டை போட்டுப் பற்றவைத்தாள். காய்ந்த விறகு என்று அடித்துச் சொல்லி விற்றது, அடுப்பில் நுரை தள்ளிக்கொண்டு கிடந்தது.

கட்டிலைச் சுவரோரம் போட்டிருந்ததே சூட்டுக்காகத்தான். அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஜோடி வீடுகள். இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர். கூரையில் இரண்டு புகைபோக்கிகளும் ஒரு சாண் இடைவெளியில் நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் நோல்ஃபாவின் கணப்படுப்பு. குளிர்காலம் முழுக்கச் சுவர் இதமாக இருக்கும்.

போன வியாழக்கிழமை யாரோ போனில் புகார் சொன்னதில், அதிகாரிகள் வந்து நோல்ஃபாவின் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். புகார் சொல்பவரின் பெயரைக் கேட்கமாட்டார்கள். அது ஒரு வசதி. அன்றிலிருந்து நோல்ஃபா அடுப்பு மூட்டவில்லை. அவள் வீட்டுப் புகை இந்த ஜன்னலிடுக்கு வழியாக வருவது நின்றது. சுவரும் ஜில்லிட்டுப் போனது.

அந்தப் புகையும் இந்தச் சூடும் ஒரே அடுப்பிலிருந்து வந்தவை என்பது இத்தனை நாளில் இப்போதுதான் யாஸ்னாவுக்கு உறைத்தது.

வண்டி மூன்று வீடு தள்ளி நின்றது.

தண்ணீரை ஊற்றி அணைத்துவிடலாம் என்று ஜாடியை எடுத்தாள். ஊற்றினால் கூரைமேல் வெள்ளைக் கொடி பிடித்த மாதிரி ஆவி கிளம்பும். ஜாடியைக் கீழே வைத்தாள். திரும்ப எடுத்தாள். அதற்குள் கதவைத் தட்டிவிட்டார்கள்.

சின்ன வயது அதிகாரி. காதுவரை கம்பளிக் குல்லாய், கையில் அட்டை. கூரையைப் படம் எடுத்தாகிவிட்டது என்றான். இரண்டு குழாயும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, கீழிருந்து பார்த்தால் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. புகை யாருடையது?

யாஸ்னாவுக்கு அபராதம் என்றால், மீன்பண்ணையில் கிடக்கும் கணவன் சம்பளத்தில் அடுத்த மாத மருந்து போய்விடும். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பிற்பாடு தன்னிடமே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

பக்கத்துக் கதவு திறந்தது. ஐம்பதைத் தாண்டிய நோல்ஃபா, வீட்டுக்குள்ளேயே கனத்த கோட்டும் குல்லாயும் போட்டுக்கொண்டு, கையில் மாத்தே தேநீர்க் குடுவையோடு வெளியே வந்தாள்.

“புகை என்னுது தம்பி. எழுதிக்கோ.”

அவன் தாளைப் புரட்டிப் பார்த்தான். ஒரே வாரத்தில் இரண்டாவது தடவை, இந்தமுறை எச்சரிக்கையோடு விடமாட்டார்கள், நிச்சயம் அபராதம் போட்டுவிடுவார்கள் என்றான். தெரியும் என்றாள் நோல்ஃபா. பேசும்போது அவள் வாயிலிருந்து ஆவி வந்தது. அவள் பின்னால் திறந்து கிடந்த வீட்டுக்குள்ளிருந்தும் குளிர்தான் வந்தது. அதிகாரி எதையும் கவனிக்கவில்லை. வண்டிக்குள் சூடாக உட்கார வேண்டும் என்ற அவசரத்தில், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

யாஸ்னா வாசலிலேயே நின்றாள். அவமானமாக இருந்தது. நன்றி சொல்ல வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை.

நோல்ஃபா மாத்தேயை உறிஞ்சினாள். அது ஆறிப்போயிருந்தது, முகத்தைச் சுளித்தாள்.

“காத்துப் பிடியைத் திறந்து விடு, பொண்ணே. குட்டி இருமுறது அந்தப் பக்கம் நல்லாக் கேக்குது.”

யாஸ்னா தலையாட்டினாள். நோல்ஃபா உள்ளே போய்க் கதவைச் சாத்தப் போனவள், பாதியில் நிறுத்தினாள்.

“இனிமே போன்ல ஏதாவது சொல்றதா இருந்தா, சமையக்கட்டுல நின்னு சொல்லு. இந்தச் சுவரு வெறும் அட்டை.”