ஒரு பைண்டுக்குக் குறையாமல்

சுவிஸ் நகரம் இன்டர்லாக்கனில் நாங்கள் வேலை செய்கிற இந்த இங்கிலீஷ் பப்பின் சுவரில் பீப்பாய்களின் பழைய பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு 'பின்' சேர்ந்தால் ஒரு ஃபேர்கின், இரண்டு ஃபேர்கின் ஒரு கில்டர்கின், மூன்று கில்டர்கின் ஒரு ஹாக்ஸ்ஹெட். பயணிகள் அதைப் படம் எடுக்கிறார்கள். சுவருக்குப் பின்னால், குளிர் அறையில், முதலாளி ஒரு ஃபேர்கினின் மேல்துளையில் புனலைச் செருகுகிறார். குழாய்த் தட்டில் வடிந்த பியரும் கிளாஸ்களில் மிஞ்சிய எச்சில் பியரும் அவர் கை வாளியில் நுரைத்துக் கிடக்கின்றன. புனல் மேல் வைத்த தேத்தண்ணி வடிகட்டியில் சிறகு நனைந்து செத்த ஓர் இலையானும் யாரோ சப்பிய சூயிங்கமும் தங்குகின்றன. விரலால் வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தையும் ஊற்றுகிறார். புளித்த நாற்றம் என் தொண்டைக்குள் ஏறுகிறது. கிளாஸ் கழுவும் குமணன் அண்ணை சிங்குக்குள் காறித் துப்புகிறார்.

முன்னால் ஒரு வெள்ளைக்காரர் கிளாஸைக் கண்ணுக்கு நேரே பிடித்து, பைண்ட் அளவுக் கோட்டுக்கு ஒரு விரல் குறைகிறது என்று சண்டை பிடிக்கிறார். முதலாளி மன்னிப்புக் கேட்டு, அதே ஃபேர்கினிலிருந்து நிரப்பிக் கொடுக்கிறார். சீசன் முடிகிற சந்தோஷத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் அதிலிருந்தே ஆளுக்கொரு கிளாஸ் நீட்டுகிறார். தனக்கு மூடி திறக்காத போத்தல். திறந்து, அதன் வாயையும் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, எங்களை நோக்கி உயர்த்தி "புரோஸ்ட்" என்கிறார்.

அவர் அங்கால் திரும்பியதும் அண்ணை குளிர் அறைக்குள் போய், வாய் வைக்காத தன் கிளாஸைப் புனலுக்குள் கவிழ்க்கிறார்.

"என்னண்ணை செய்யிறியள்?"

"உன்ரையும் கொண்டா. அந்த வெள்ளைக்காரனுக்குக் குறையக் கூடாதாம்."