ஐந்தாவது நிமிடம்

ஓசூர் தொழிற்சாலையின் மனிதவள மேலாளர் தங்கதுரை, மேசையில் குவிந்திருந்த தாள்களில் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டபடி தலையை உயர்த்தினார். எதிரே அசெம்பிளி லைன் தினேஷ்குமார் நின்றிருந்தான்.

"ஆயுத பூஜை அன்னிக்கு மேடையில தொண்டை கிழியக் கத்துனியே, அது பாட்டா?"

"பங்க் ராக் சார். எங்க லைன் பசங்க பேண்டு, கத்தித்தான் பாடுவோம்."

அவர் செல்போனில் வீடியோவை ஓடவிட்டார். 'கழிப்பறைக்கு நான்கு நிமிடம்! ஐந்தாவது நிமிடம் ஒழுங்கீனம்! காரணம் கூறக் கூடாது! காரணம் கேட்கக் கூடாது!'

"ஐந்தாவது நிமிடம்னா என்ன? ஸ்ட்ரைக்குக்கு நேரம் குறிச்சிருக்கீங்களா?"

"ஐயோ, இல்லைங்க சார்."

"அப்ப கழிப்பறைன்னா? நம்ம கம்பெனியவா சொல்ற?"

"கழிப்பறையத்தாங்க சார்."

தங்கதுரை வீடியோவை நிறுத்தினார். இரண்டு நாளில் அந்தப் பாட்டை இருபது தடவை கேட்டுவிட்டார். ஒவ்வொரு தடவையும் வேறொரு அர்த்தம் தோன்றிப் பயமுறுத்தியது. பெங்களூர் தலைமை அலுவலகம் கேட்டால் என்ன பதில் சொல்வது?

"உள்ள என்ன பொடி வெச்சிருக்கீங்கன்னு சொல்லிடு. இல்லைன்னா நாளையில இருந்து வேலைக்கு வராத. எந்தப் பைத்தியக்காரன் இத எழுதினான்?"

தினேஷ்குமார் தயங்கித் தயங்கித் தன் செல்போனை நீட்டினான். கேண்டீன் வாசல் நோட்டீஸ் போர்டின் படம். போன மாதச் சுற்றறிக்கை. அதே வரிகள், ஒரு சொல்கூட மாறவில்லை. அடியில் தங்கதுரையின் கையெழுத்து.

"எங்களுக்கும் அர்த்தம் புரியாமதாங்க சார் பாடுனோம். கிட்டார் மட்டும்தான் நாங்க சேர்த்தது."