மண்மூட்டைக்குப் போன பிள்ளை

புலம்பெயர்ந்து வந்து வாழும் கிரெய்கிபர்ன் வீட்டு வாசலில் காலை வெயில். விஜயரத்தினம் காரை ஸ்டார்ட் செய்துவிட்டு எடுக்காமல் இருக்கிறார். பக்கத்து சீட்டில் மகள் ஆரணி, பட்டாள உடுப்பில். கடல் கடந்த போரைப் பற்றி "இது எங்கட சண்டை இல்லை" என்று போன மாதம் வரை சொன்ன அரசாங்கம் இன்று அவளை அதற்குக் கூப்பிட்டிருக்கிறது. "வெள்ளம் வந்தா மண்மூட்டை அடுக்கத்தான் இந்த ரிசேர்வ் படை எண்டாய். அதுக்குத்தானே ஓம் எண்டனான்" என்கிறார். "எனக்கும் அப்பிடித்தான் சொன்னவை அப்பா. லேட்டாகுது, எடுங்கோ." "சண்டைக்குள்ள வன்னியில பங்கருக்கு மண்மூட்டை அடுக்கின எனக்கு மூளை எங்க போனது?" ஆரணி சிரிக்கப் பார்க்கிறாள். ஊரில் சண்டைக்கு ஆள் பிடிக்க வந்தபோது தம்பியைக் கூரை முகட்டில் ஒளித்துக் காத்தவர், மகளைத் தானே முகாமில் விடப் போகிறார். கார் பின்னால் நகர்கிறது. எதிர்வீட்டு வெள்ளைக்காரர் வெளியே வந்து, ஆரணியின் உடுப்பைப் பார்த்துக் கை தட்டுகிறார். விஜயரத்தினம் கண்ணாடியை இறக்கி, சிரித்துக்கொண்டே கையசைக்கிறார்.