மடக்குக் கத்தியின் கோபம்

லாரி ஓட்டும் இருதயராஜிடம் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. ஆப்பிள் நறுக்க, கயிறு அறுக்க, பார்சல் பிரிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். "என் கத்தி மாதிரி வராது" என்று போகிற இடமெல்லாம் சொல்வார். கத்திக்குப் பெருமை தாங்காது.

நாளாக நாளாக அவர் அதை வைத்தே ஸ்க்ரூவும் திருக ஆரம்பித்தார். கத்தியின் முனை மழுங்கியது. பிடியில் இருந்த ஆணி ஆட்டம் கண்டது. கத்தியைப் போட்டு வைக்கும் டப்பாவிலேயே ஒரு ஸ்க்ரூ டிரைவர் புதுக்கருக்கு மாறாமல் படுத்திருந்தது.

கத்திக்கு ஆத்திரம் பொங்கியது. "உன் வேலையை நான் செய்யறேன். உனக்கு வெட்கமா இல்லை?"

"எனக்கு எதுக்கு வெட்கம்? முதல் தடவை கூப்பிட்டப்பவே வழுக்கிட்டேன். லாயக்கில்லாததுன்னு தூக்கிப் போட்டுட்டார். நிம்மதியா இருக்கேன்" என்றது ஸ்க்ரூ டிரைவர்.

"சீ! அவர் என்னை நம்பறார். என் கஷ்டம் ஒரு நாள் அவருக்கே புரியும்" என்று சீறியது கத்தி.

மறுநாள் லாரியின் பக்கக் கண்ணாடி ஆடியது. அதன் ஸ்க்ரூ துருப்பிடித்து இறுகியிருந்தது. இருதயராஜ் கத்தியை வைத்து முழு பலத்தோடு திருகினார். முனை டக்கென்று உடைந்து விழுந்தது. இப்போதாவது வருந்துவார் என்று கத்தி அவர் முகத்தைப் பார்த்தது.

அவர் உடைந்த இடத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். "அட, தட்டையாயிடுச்சு! இனி ஸ்க்ரூவுக்கு இன்னும் நல்லாப் பொருந்தும்."

திரும்பவும் வைத்து அழுத்தினார்.

கத்தி படீரென்று மடங்கிக்கொண்டது. அவருடைய விரல் உள்ளே இருந்தது.